கேளுங்க சொல்றனுங்க: கரி தோண்டின ஊரு ஆஷிங்டன்

போன மாசம் இதே பக்கத்துல, "சிஎஸ்கேவுக்கு 2018-ல ஒரே ஒரு மேட்ச் ஆடிட்டுப் போனாரே மார்க் வுட், அவரு எந்த ஊருங்க"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல. இங்கிலாந்துல வடக்கால, நியூகாசில் தாண்டி ஆஷிங்டன்னு ஒரு பழைய நிலக்கரி ஊரு, 1966-ல ஃபுட்பால் உலகக் கோப்பை ஜெயிச்ச டீம்ல இருந்த சார்ல்டன் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அதே ஊருதான்னு ரெண்டு வரில சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அவ்வளவுதான், கடுதாசி ஒரு பக்கம் வாட்ஸ்அப் ஒரு பக்கம்னு கொட்டிருச்சு. அதனால இந்த மாசம் பக்கம் பூரா அந்த ஒரே ஊருதானுங்க. சினிமா கேட்டவங்க, முட்டு வலிக்கு மருந்து கேட்டவங்க எல்லாம் ஒரு மாசம் பொறுத்துக்கோங்க.

சோமனூர் வாசகர்: அது என்னங்க ஒரே சின்ன ஊர்ல இருந்து இத்தன பெரிய ஆட்டக்காரங்க? தண்ணில ஏதாவது இருக்குதா?

தண்ணில ஒண்ணுமில்லீங்க, மண்ணுக்கடியில தான் இருந்துச்சு. இன்னைக்கு அந்த ஊரு ஜனம் முப்பதாயிரத்துக்குள்ள தான் வரும், ஆனா லிஸ்ட்ட பாருங்க. நியூகாசில் யுனைடெட்ல 200 கோல் அடிச்ச ஜாக்கி மில்பர்ன் 1924-ல அங்க பொறந்தவரு. அவரோட ஒறம்பரை தான் சிஸ்ஸி சார்ல்டன், அந்தம்மாவோட கூடப்பொறந்த நாலு அண்ணன் தம்பியும் காசு வாங்கி ஆடின ஃபுட்பால் ஆட்டக்காரங்க. அந்தம்மா பெத்த பசங்க தான் ஜாக், பாபி ரெண்டு பேரும், பெரியவரு 1935, சின்னவரு 1937. கிரிக்கெட்டுக்கு வந்தா 2005 ஆஷஸ்ல எட்ஜ்பாஸ்டன்ல ரெண்டே ரன்னுல இங்கிலாந்து ஜெயிச்சுச்சே, அந்தக் கடைசி விக்கெட் எடுத்த ஸ்டீவ் ஹார்மிசன் அந்த ஊருதான், அப்புறம் நம்ம மார்க் வுட், 1990.

காரணம் கேட்டா ரெண்டு சொல்லலாம். ஒண்ணு மைதானம். 1920-ல பிரிட்டன்ல ஒரு சட்டம் போட்டாங்க, தோண்டற ஒவ்வொரு டன் கரிக்கும் ஒரு பென்னி தனியா எடுத்து வெச்சு, தொழிலாளிங்களுக்கு மைதானம், மன்றம், குளிக்கற எடம் எல்லாம் கட்டணும்னு. அதனால நம்மூர்ல பெரிய காலேஜுல கூட இல்லாத மாதிரி கிரவுண்டு அங்க சாதாரண கரி ஊர்ல இருந்துச்சு. ரெண்டாவது பயம். ஆட்டத்துல தேறலைன்னா பதினஞ்சு வயசுல லிப்ட்ல ஏறி கீழ போகணும். ஜாக் சார்ல்டனே அந்த வயசுல கொஞ்ச நாள் உள்ள போய் வேலை பாத்துட்டு, இது ஆகாதுன்னு லீட்ஸ் டீமுக்கு ஓடிட்டாரு. அவங்க அப்பா கதைய கேளுங்க, 1966 அரையிறுதில போர்ச்சுகலுக்கு எதிரா பாபி ரெண்டு கோல் அடிச்சு நாட்டையே பைனலுக்கு கூட்டிட்டுப் போறாரு, அப்பா அந்நேரத்துக்கு ஷிப்ட்ல பூமிக்குள்ள இருக்காரு. ஷிப்ட் விட்டா சம்பளம் போகும்ல, அவ்வளவுதான் அவரு கணக்கு.

காங்கேயம் வாசகர்: அந்த ஊரு எப்படி உண்டாச்சு? கோயில், ஆறு, சந்தை ஏதாவது இருந்துச்சா?

ஒண்ணும் இல்லீங்க. 1840-கள்ல அங்க ஒண்ணு ரெண்டு பண்ணையும் மேய்ச்சல் காடும்தான். நிலம் போர்ட்லேண்ட் டியூக்குன்னு ஒரு பெரிய பிரபுவோடது. 1867-ல ஆஷிங்டன் சொரங்கத்தைத் தோண்டினாங்க, அப்புறம் ஆஷிங்டன் கோல் கம்பெனின்னு ஒண்ணு வந்து வரிசை வரிசையா வீட்டைக் கட்டித் தள்ளுச்சு. தெருவுக்குப் பேரு வெக்கக் கூட அவங்களுக்கு நேரமில்ல, முதல் வரிசை, ரெண்டாம் வரிசைன்னு பதினொண்ணு வரைக்கும் நம்பர்தான். அக்கம்பக்கத்துப் பண்ணைக் கூலிங்க, அயர்லாந்துக்காரங்க, தெக்க கார்ன்வால்ல தகரச் சொரங்கம் படுத்துப் போனதும் கெளம்பினவங்க, இப்படி நாலா பக்கமிருந்தும் வந்து சேந்தாங்க. கொஞ்ச வருசத்துல "உலகத்துலயே பெரிய சொரங்கக் கிராமம்"னு பேரு வந்துருச்சு. டவுனு அளவுக்கு ஜனம் இருந்தும் அவங்க அதை கிராமம்னே சொல்லிட்டு இருந்தாங்க, அதுல ஒரு பெருமை.

வீடு கம்பெனி வீடு, வாடகை இல்ல. அடுப்புக்குக் கரியும் கம்பெனியே வண்டில கொண்டாந்து பொடக்காளி சந்துல கொட்டிட்டுப் போயிரும். கக்கூசு சந்துக்கு அந்தப்பக்கம், மார்கழிக் குளுரை விட நாலு மடங்கு குளுருல நடந்து போகோணும். கேக்கறதுக்கு வீடும் கரியும் ஃப்ரீன்னு நல்லாத்தான் இருக்குது, ஆனா அதுல ஒரு பிடி இருக்குதுங்க. வேலை போனா வீடும் போச்சு. ஸ்ட்ரைக் பண்ணினா சாமான் செட்டோட தெருவுல நிக்கணும், 1800-கள்ல அந்தப் பக்கம் அப்படி எத்தனையோ தடவை குடும்பம் குடும்பமா வெளிய தூக்கிப் போட்டிருக்காங்க.

கோபி வாசகர்: சொரங்கத்துக்குள்ள வேலை எப்படி நடக்கும்? விவரமா சொல்லுங்க, எங்கப்பாரு கெணறு வெட்டினவரு, அவரு கேக்கச் சொன்னாரு.

அப்பாருக்கு வணக்கம் சொல்லுங்க, அவருக்குப் புரியும் இது. முதல்ல விளக்கு ரூம். ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை, அதைக் குடுத்து விளக்கு வாங்கிக்கணும். சாயந்தரம் ஒரு வில்லை திரும்ப வாங்காம ஆணிலயே தொங்கிட்டு இருந்தா ஒரு ஆளு இன்னும் உள்ள இருக்கான்னு அர்த்தம். அப்புறம் கம்பிக்கூண்டு, வயிறு தொண்டைக்கு வர்ற வேகத்துல நூத்துக்கணக்கான அடி எறக்கி விட்ரும். அங்கிருந்து கரி இருக்கற முகப்புக்கு மைல் கணக்குல நடை, குனிஞ்சுக்கிட்டே. கரிப் படுகை சில எடத்துல ரெண்டடி மூணடி உசரம்தான், ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டே குந்தாலியால வெட்டணும். வெட்டினதை சின்ன தொட்டி வண்டில போட்டா இன்னொருத்தன் தள்ளிட்டுப் போவான், இல்லாட்டி மட்டக்குதிரை இழுக்கும். அந்தக் குதிரைங்க கீழயே லாயத்துல இருந்துச்சு. பக்கத்து எல்லிங்டன் சொரங்கத்துல 1994 வரைக்கும் குதிரை இருந்துச்சுங்க, நம்ம ஊர்ல அப்ப கேபிள் டிவி வந்தாச்சு.

தீவட்டி ஆகாது, மீத்தேன் வாயு புடிச்சுக்கும். 1815-ல ஹம்ஃப்ரி டேவியும், ரயில் இஞ்சின் புகழ் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் தனித்தனியா பத்திரமான விளக்கு கண்டுபுடிச்சாங்க, ஸ்டீபன்சன் அந்தப் பக்கத்து ஆளு, அதனால இன்னைக்கும் அந்த ஜனத்துக்கு அவரு விளக்குதான் ஒசத்தி. விஷ வாயு தெரிஞ்சுக்க கேனரி குருவி கூண்டோட கொண்டு போவாங்க, அது 1986-ல தான் முழுசா நின்னுச்சு.

இனிமே சொல்றது தான் எனக்கு ரொம்பப் புடிச்ச சமாச்சாரம். கூலி எடைக்குத் தான். முகப்புல ஒரு எடம் நல்லா வெட்ட வரும், இன்னொரு எடம் தண்ணி கசியும், கல்லா இருக்கும், நாள் பூரா வெட்டினாலும் ஒண்ணும் தேறாது. மேஸ்திரி தனக்கு வேண்டியவனை நல்ல எடத்துல போடுவான்ல? அதுக்கு அவங்க என்ன பண்ணாங்கன்னா மூணு மாசத்துக்கு ஒருக்கா சீட்டு குலுக்கினாங்க. யாருக்கு எந்த எடம்னு சீட்டுதான் சொல்லும், முதலாளியும் வாய் தொறக்கக் கூடாது. ஆஷிங்டன் இருக்கற நார்தம்பர்லேண்டு, பக்கத்து டர்ஹாம் ரெண்டு மாவட்டத்துலயும் இது பல தலைமுறை நடந்துச்சு. கெட்ட எடம் விழுந்தா மூணு மாசம் கஞ்சிதான், ஆனா யார் மேலயும் வருத்தப்பட முடியாதுல்ல.

அதே மாதிரி எடை மேடை. கம்பெனி ஆளு எடை போட்டா குறையத்தான் போடுவான், கரும்பு லாரி எடை போடறப்ப பக்கத்துல நின்னு பாத்தவங்களுக்கு நான் இதை வெளக்க வேண்டியதில்ல. அதனால தொழிலாளிங்க தங்களுக்குள்ள ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, தங்க காசுலயே சம்பளம் குடுத்து, எடை மேடைல உக்கார வெச்சாங்க. 1860-ல சட்டமே அதுக்கு எடம் குடுத்துச்சு. கணக்கு தெரிஞ்ச, பயப்படாத, விலைக்குப் போகாத ஆளா பாத்துப் போடுவாங்க. அப்படி உக்காந்தவங்க தான் பின்னாடி நெறைய எடத்துல யூனியன் தலைவருங்க ஆனாங்க, எம்.பி. ஆனாங்க. ஆஷிங்டனுக்குப் பக்கத்துல மோர்பெத் தொகுதில 1874-ல ஜெயிச்ச தாமஸ் பர்ட், பத்து வயசுல சொரங்கத்துக்குள்ள போனவரு, பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குப் போன முதல் தொழிலாளிங்க ரெண்டு பேர்ல ஒருத்தரு.

பெருந்துறை வாசகி: எல்லாம் ஆம்பளைங்க கதையாவே இருக்குதே, அந்த ஊர் பொம்பளைங்க என்ன பண்ணாங்க?

நல்லா கேட்டீங்க அம்மிணி. பூமிக்கடியில பொம்பளைங்க வேலை செய்யக் கூடாதுன்னு 1842-ல சட்டம் வந்துச்சு, பத்து வயசுக்குக் கீழ பசங்களும் கூடாதுன்னு. யார்க்ஷயர்ல நாலு வருசம் முன்னாடி மழைத் தண்ணி புகுந்து 26 கொழந்தைங்க செத்துப் போனதுக்கு அப்புறம்தான் லண்டன்காரங்களுக்கு கண்ணு தொறந்துச்சு. நார்தம்பர்லேண்டு பக்கம் பொம்பளைங்க உள்ள போறது அதுக்கும் வெகு முன்னாடியே நின்னுருச்சு.

அதுக்காக வேலை இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. ஒரு வீட்ல அப்பா ஒரு ஷிப்ட், பெரிய பையன் ஒரு ஷிப்ட், சின்னவன் இன்னொரு ஷிப்ட்னு வெச்சுக்கோங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தனுக்கு சோறு கட்டணும், விடிகாலைல ஒருத்தன் கரிக்கட்டையா வந்து நிப்பான், அவனுக்கு சுடுதண்ணி காய வெக்கணும், மத்தியானம் இன்னொருத்தன். அடுப்புக்கு முன்னாடி தகரத் தொட்டி போட்டு அதுல தான் குளியல். முதுகைத் தேய்ச்சு விடறது பொண்டாட்டி இல்லாட்டி அம்மா. சொரங்கத்து வாசல்லயே குளிக்கற ரூம் கட்டினது 1920, 30-கள்ல இருந்து தான் மெதுவா வந்துச்சு, அது வந்தப்ப ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்குத் தான் விடுதலைங்க. அப்புறம் துணி. கரித்தூசி துணிய தொவைச்சு சந்துல குறுக்கால கயிறு கட்டிக் காயப் போடுவாங்க, அந்நேரம் பாத்துக் கரி வண்டி வரும், எல்லாத்தையும் அவுக்கணும். கிழிஞ்ச துணிய துண்டு துண்டா வெட்டி சாக்குல குத்திக் குத்தி விரிப்பு பண்ணுவாங்க, வருசா வருசம் புதுசா ஒண்ணு அடுப்புக்கு முன்னாடி போட்டு, பழசை அடுத்த ரூமுக்குத் தள்ளி விடறது.

வெளில சம்பளத்துக்குப் போக அந்த ஊர்ல பொம்பளைங்களுக்கு மில்லு, ஃபேக்டரி பெருசா எதுவும் இல்ல. நம்ம பெருந்துறை, திருப்பூர் அக்காமாருங்க பனியன் கம்பெனிக்குப் போயி கையில காசு பாக்கறாங்களே, அது அந்தம்மாங்களுக்கு கெடைக்கல. புருசன் செத்தா வீட்டையும் காலி பண்ணணும். இதைப் பாத்துட்டு தான் தொழிலாளிங்க சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா புடிச்சு வயசானவங்களுக்கு வீடு கட்டற சங்கம் ஆரம்பிச்சாங்க, இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல. சொரங்கம் மூடியும் அந்த வீடுங்க இன்னும் இருக்குதுங்க.

சொரங்கம் மூடறதை எதுத்து நடந்த 1984 ஸ்ட்ரைக்ல தான் இந்தப் பொம்பளைங்க மேடைக்கு வந்தாங்க. மன்றத்து சமையக்கட்டுல நூத்துக்கணக்கான பேருக்கு தினம் ஆக்கிப் போட்டாங்க, நாடு பூரா போயி உண்டியல் குலுக்கினாங்க, அதுவரைக்கும் நாலு பேர் முன்னாடி பேசாதவங்க ஆயிரம் பேர் கூட்டத்துல மைக் புடிச்சாங்க. ஸ்ட்ரைக் முடிஞ்சதும் சில பேரு காலேஜுக்குப் போனாங்க, சில பேரு கவுன்சிலர் ஆனாங்க. சில வீட்ல புருசனுக்கு அது புடிக்காம போனதும் உண்டு, அதையும் சொல்லணும்ல.

பல்லடம் வாசகர்: பெரிய விபத்து ஏதாவது நடந்திருக்கா?

நெறைய. ஆஷிங்டன்ல இருந்து தெக்க கொஞ்ச தூரத்துல ஹார்ட்லின்னு ஒரு ஊரு. 1862 ஜனவரி 16, தண்ணி எறைக்கற இஞ்சினோட பெரிய இரும்பு உத்தரம் முறிஞ்சு, சொரங்கத்து வாய்க்குள்ளயே விழுந்து அடைச்சுருச்சு. ஏறி வர வேற வழியே இல்ல, இருந்தது ஒரே ஒரு குழி. 204 பேரு செத்தாங்க, அப்பனும் மகனும் ஒண்ணாவே. அந்த வருசமே சட்டம் போட்டாங்க, எந்தச் சொரங்கமா இருந்தாலும் வெளிய வர ரெண்டு வழி வேணும்னு. ரெண்டாவது குழி தோண்ட காசு ஆகும்னு முதலாளிங்க அதுவரைக்கும் தட்டிக் கழிச்சுட்டு இருந்தாங்க, 204 உசுருக்கு அப்புறம் காசு எங்கிருந்தோ வந்துருச்சு பாருங்க.

ஆஷிங்டனுக்கு ஒட்டின உட்ஹார்ன் சொரங்கத்துல 1916 ஆகஸ்ட் 13, ஞாயித்துக்கிழமை, வாயு வெடிச்சு 13 பேரு. வார நாளா இருந்திருந்தா உள்ள நூத்துக்கணக்குல இருந்திருப்பாங்க. டர்ஹாம் பக்கம் ஈசிங்டன்ல 1951-ல 83 பேரு, அதுல ரெண்டு பேரு காப்பாத்தப் போனவங்க. ஆனா எண்ணிக்கைல வராத சாவு தான் ஜாஸ்தி, நுரையீரல்ல தூசி படிஞ்சு, அம்பது வயசுல மாடிப்படி ஏற முடியாம, வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்துல உக்காந்தே போனவங்க. அதுக்கு நஷ்டஈடு கோர்ட்டு வழியா வந்தது 1990-கள் கடைசில.

ஈரோடு, ஓவிய ஆசிரியர்: அங்க சொரங்கத் தொழிலாளிங்க படம் வரைஞ்சாங்கன்னு எங்கயோ கேள்விப்பட்டேன், நெசமா?

நெசம் சார். 1934-ல ஆஷிங்டன்ல சில பேரு ராத்திரி வகுப்பு வெச்சுக்கிட்டு இருந்தாங்க, தொழிலாளர் கல்வி சங்கம் மூலமா. அந்த வருசம் ஓவியத்தைப் பத்தி தெரிஞ்சுக்கலாம்னு நெனச்சு நியூகாசில்ல இருந்து ராபர்ட் லையன்னு ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டாங்க. அவரு வந்து இத்தாலியப் பெரிய ஓவியருங்க படத்தை ஸ்லைடு போட்டுக் காட்டினாரு. இவங்க உர்ருன்னு உக்காந்திருந்தாங்க, ஒண்ணும் ஒட்டல. வேற வாத்தியாரா இருந்தா இவனுங்களுக்கு என்ன தெரியும்னு போயிருப்பாரு. இவரு, சரி, பாத்தா புரியலைன்னா பண்ணிப் பாருங்கன்னு கத்தியும், செதுக்கி அச்சுப் போடற லினோ தகடும், அப்புறம் பெயிண்டும் கையில குடுத்துட்டாரு. வாரா வாரம் ஒரு தலைப்பு, வீட்ல வரைஞ்சுட்டு வரணும், வகுப்புல எல்லாரும் சேந்து பேசணும்.

அவங்க என்ன வரைஞ்சாங்கன்னா அவங்களுக்குத் தெரிஞ்சதைத் தான். கரி வெட்டற ஆளு, குதிரை, தகரத் தொட்டில குளியல், நாய் ரேஸ், புறாக் கூண்டு, ஞாயித்துக்கிழமை சமையல். ஆலிவர் கில்பர்ன்னு ஒருத்தரு, பதிமூணு வயசுல வேலைக்குப் போனவரு, அவரு வரைஞ்ச சொரங்கத்துப் படத்துல அந்த எடுக்கமான எடத்துல ஆளு ஒடம்பு எப்படி மடங்குதுன்னு பாத்தீங்கன்னா, வெளிய இருந்து வந்து பாத்துட்டுப் போறவங்களால அதை வரையவே முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். 1936-லயே நியூகாசில்ல கண்காட்சி. லண்டன்ல இருந்து பெரிய மனுசங்க எல்லாம் வந்து பாத்தாங்க. ஆனா ஒருத்தரும் வேலைய விடல, காலைல ஷிப்ட்தான். முக்கியமான படங்களை வித்து தீக்காம குழுவோட பொதுச் சொத்தாவே வெச்சிருந்தாங்க. அம்பது வருசம் போல அந்தக் குழு ஓடுச்சு, படமெல்லாம் இப்ப உட்ஹார்ன் மியூசியத்துல. உங்க ஸ்கூல் பசங்களுக்கும் ஆப்பிள், மாம்பழம், சூரிய உதயம்னு போடாம, அவங்க வீட்டுத் தறியவோ அம்மா துணி மடிக்கறதையோ வரையச் சொல்லிப் பாருங்களேன்.

தாராபுரம் வாசகர்: திருவிழா, பண்டிகை எல்லாம் உண்டுங்களா?

உண்டு, நம்ம மாரியம்மன் நோம்பி மாதிரியே தான், சாமிக்குப் பதிலா யூனியன் கொடி. ஒவ்வொரு சொரங்கத்துக்கும் பட்டுல செஞ்ச ஆளுயரக் கொடி, அதுல படம் எழுதி, முன்னாடி பித்தளை வாத்தியக் கோஷ்டி, பின்னாடி ஊரு ஜனம். நார்தம்பர்லேண்டுல 1860-கள்ல இருந்து வருசா வருசம் நடந்துச்சு, டர்ஹாம்ல 1871-ல ஆரம்பிச்சது ஜூலை மாசம் ரெண்டாவது சனிக்கிழமை இன்னைக்கும் லட்சக்கணக்குல கூட்டம் கூடுது. அந்த வருசம் ஒரு சொரங்கத்துல சாவு விழுந்திருந்தா கொடிக்குக் கறுப்புத் துணி கட்டிக் கொண்டாருவாங்க. சொரங்கம் ஒண்ணு கூட இல்லாத இந்தக் காலத்துலயும் கொடி வருது, பேண்டு வருது. கிழிஞ்ச பழைய கொடிக்குப் பதிலா காசு சேத்துப் புதுக்கொடி செய்யறாங்க.

தொண்டாமுத்தூர் விவசாயி: விவசாயம் ஏதும் உண்டா, இல்ல கரி மட்டும்தானா?

தோட்டம் உண்டுங்க, துண்டு துண்டா வாடகைக்கு விட்ட நிலம், பகல்ல வெளிச்சமே பாக்காத ஆளுங்களுக்கு அதுதான் சொர்க்கம். லீக்ஸ்னு ஊட்டில போடறாங்களே, வெங்காயத்தாளு மாதிரி தடியா இருக்கும், அதுல போட்டி. யாருது பெருசுன்னு அளந்து, மன்றத்துல பிரைஸ் குடுப்பாங்க, ஃபர்னிச்சர், டிவின்னு பெரிய பெரிய பிரைஸு. ஒரத்துக்கு என்ன போடறோம்னு சொந்த அண்ணனுக்குக் கூட சொல்ல மாட்டாங்க. பொறாமைல ராத்திரி வந்து கத்தில கீறிட்டுப் போற ஆளுங்க உண்டுன்னு, போட்டி நெருங்கினா தோட்டத்துலயே காவல் படுத்துக்குவாங்க.

சிங்காநல்லூர் வாசகர்: எங்கப்பா மில் தொழிலாளி, யூனியன்ல இருந்தவரு. 1984 ஸ்ட்ரைக் ஏன் தோத்துச்சு? நம்ம மில்லு மூடினதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

அண்ணா, இதுக்கு மட்டும் கொஞ்சம் நீளமா சொல்றேன்.

1947 ஜனவரி 1 அன்னைக்கு சொரங்கமெல்லாம் அரசாங்கத்துக்கு வந்துச்சு, ஒவ்வொரு வாசல்லயும் "இனிமே மக்கள் சார்பா நடத்தப்படுது"ன்னு போர்டு வெச்சாங்க, கெழவனுங்க எல்லாம் அழுதாங்களாம். ஆனா எண்ணெய் வந்துச்சு, அப்புறம் கேஸ் வந்துச்சு, 1957-ல இருந்து 1970-க்குள்ள நூத்துக்கணக்குல சொரங்கம் மூடினாங்க, அதுல நெறைய தொழிற்கட்சி ஆட்சில. அப்ப பெரிய சண்டை இல்ல, ஏன்னா பக்கத்துல வேற சொரங்கமோ ஃபேக்டரியோ வேலை கெடைச்சுது. 1972, 74 ரெண்டு ஸ்ட்ரைக்லயும் தொழிலாளிங்க ஜெயிச்சாங்க, 74-ல கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சியே கவுந்துச்சு. பின்னாடி பிரதமரான மார்கரெட் தாட்சரோட கட்சிதான் அது, அதை அவங்க மறக்கல. கரண்ட் உற்பத்தி எடத்துல எல்லாம் கரிய மலையா குவிச்சு வெச்சுட்டு, எண்ணெய்ல ஓடற மாதிரி ஏற்பாடு பண்ணிட்டு, 1984 மார்ச்ல 20 சொரங்கம் மூடறோம், 20,000 வேலை போகும்னு அறிவிச்சாங்க. குளுரு முடியற மாசம் பாருங்க, கரி தேவையே கொறையற நேரம். யூனியன் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் நாடு முழுக்க ஓட்டு எடுக்காம ஸ்ட்ரைக்ல எறங்கினாரு, நாட்டிங்காம் பக்கத்துச் சொரங்கக்காரங்க நாங்க வரலைன்னு வேலைக்குப் போனாங்க. என்னைக் கேட்டா அந்த ஓட்டை வெச்சிருக்கணும், ஜெயிச்சும் இருப்பாங்க, எதிராளி கையில அந்த ஒரு ஆயுதத்தைத் தூக்கிக் குடுத்திருக்க வேண்டாம்.

ஜூன் 18 யார்க்ஷயர்ல ஆர்க்ரீவ் ஆலை வாசல்ல மறியல் பண்ணினவங்களை குதிரைப் போலீஸ் புகுந்து அடிச்சாங்க, 95 பேரு மேல கேஸு போட்டாங்க, கோர்ட்ல ஒண்ணும் நிக்கல. யூனியன்ல ஸ்ட்ரைக் பணம் இல்ல, குடும்பத்துக்கு வர்ற அரசு உதவிலயும் "யூனியன் குடுத்திருக்கும்"னு வராத காசைக் கழிச்சாங்க. ஆஷிங்டன் பக்கத்துக் கடற்கரைல அலை கொண்டாந்து ஒதுக்கற கரிய பொறுக்கி வித்துப் பொழைச்சாங்க, கரி ஊர்ல அடுப்புக்குக் கரி இல்ல. ஒரு வருசம் தாங்கினாங்க, 1985 மார்ச் 3 ஸ்ட்ரைக் முடிஞ்சுது, பேண்டு வாத்தியத்தோட கொடி புடிச்சுக்கிட்டு வேலைக்குத் திரும்பினாங்க. ஆஷிங்டன் சொரங்கம் 1988-ல மூடுச்சு. உட்ஹார்ன் அதுக்கும் முன்னாடி, 1981.

இனி நம்மூரு. மில்லுத் தொழிலாளிங்க, சின்னியம்பாளையம் தியாகிங்க நாலு பேரை 1946 ஜனவரி 8 கோவை ஜெயில்ல தூக்குல போட்ட கதை உங்கப்பாவுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும், போராட்டத்துல நம்மாளுங்க ஒண்ணும் கொறைஞ்சவங்க இல்ல. வித்தியாசம் வேற எடத்துல. 1888-ல ஸ்டேன்ஸ் மில்லு, 1932-ல பைக்காரா கரண்ட் வந்ததும் வரிசையா மில்லுங்க, ஆனா அந்த மில்லுக்கு மெஷின் பாகம் செய்ய ஃபவுண்டரி, ஃபவுண்டரில இருந்து மோட்டார், மோட்டார்ல இருந்து பம்பு, கிரைண்டர், அந்தப்பக்கம் பவர்லூம், பனியன். சங்கு நின்ன மில்லுத் தொழிலாளி மகன் லேத்து பட்டறைல நின்னான். சம்பளம் கொறைஞ்சுது, பிஎஃப், போனஸ் போச்சு, யூனியன் போச்சு, 2020 லாக்டவுன்ல நின்ன மத்திய அரசோட என்டிசி மில்லு ஆளுங்க பட்ட பாடு தனி. ஆனா ஊரு நிக்கல. ஆஷிங்டன்ல பட்டறையும் கம்பெனியோடது, வீடும் கம்பெனியோடது, ரயிலும் கம்பெனி கரிக்காக. ஒரே முதலாளி, ஒரே சரக்கு. கம்பெனி குடுத்ததெல்லாம் கம்பெனியோட போச்சு, பென்னி பென்னியா அவங்க சேத்தது, அந்தக் கெழவங்க வீடு, கொடி, பேண்டு, படம், அது தான் மிச்சம். உங்கப்பா யூனியன் ஆபீஸ்ல பழைய ரசீது புக்கு, போட்டோ ஏதாவது இருந்தா எடைக்குப் போடாம எடுத்து வெய்யுங்க அண்ணா.

அவினாசி வாசகர்: இப்ப அந்த ஊரு எப்படி இருக்குது?

சுமார்தானுங்க. பக்கத்து லைன்மவுத்ல 1972-ல அலுமினிய ஆலை வந்துச்சு, எல்லிங்டன் கரில கரண்டு எடுத்து ஓடுச்சு. எல்லிங்டன் 2005-ல மூடுச்சு, இங்கிலாந்து வடகிழக்குல அதுதான் கடைசி ஆழச் சொரங்கம். ஆலை 2012-ல மூடுச்சு. அப்புறம் பக்கத்து பிளைத் ஊர்ல கார் பேட்டரி ஃபேக்டரி வருது, ஆயிரக்கணக்குல வேலைன்னு பிரிட்டிஷ்வோல்ட்னு ஒரு கம்பெனி சொல்லிச்சு, 2023 ஜனவரில கம்பெனியே திவால். பிரிட்டன்ல கடைசி ஆழ் சொரங்கம் 2015-லயும், கடைசி கரி மின்நிலையம் 2024 செப்டம்பர்லயும் மூடியாச்சு, புகை, பருவநிலை எல்லாம் பாத்தா மூடினது நல்லதுக்குத் தான். மூடின விதம்தான் கொடுமை, நாப்பது வருசம் ஆச்சு, மாத்து வேலைன்னு நிக்கற மாதிரி ஒண்ணு வரல.

நல்ல சேதி ஒண்ணு உண்டு. 1964-ல நிறுத்தின பயணிகள் ரயில் அறுபது வருசம் கழிச்சு 2024 டிசம்பர் 15-ல இருந்து திரும்ப ஓடுது.

நாமக்கல் வாசகி: எங்க பையன் நியூகாசில்ல எம்எஸ்சி படிக்கறான். ஒரு நாள் அந்த ஊருக்குப் போனா என்னென்ன பாக்கலாம்னு சொல்லுங்க.

நியூகாசில் ஸ்டேஷன்ல ஆஷிங்டன் ரயில் ஏறச் சொல்லுங்க, முப்பத்தஞ்சு நிமிசம் போல ஆகும், லைன் தொறந்தப்ப ஒரு பக்க டிக்கெட் 3 பவுண்டுக்கு மேல போகாதுன்னு வெச்சாங்க. எறங்கி உட்ஹார்ன் மியூசியத்துக்கு நடந்தே போயிரலாம், பழைய சொரங்கத்து இரும்புச் சக்கரம் தூரத்துல இருந்தே தெரியும். அந்தத் தொழிலாளிங்க வரைஞ்ச படம் அங்கதான். வாரத்துல சில நாள் மூடி இருப்பாங்க, போறதுக்கு முன்னாடி பாத்துக்கட்டும். சாயந்தரம் பொழுதிருந்தா பஸ் புடிச்சு நியூபிகின் கடற்கரைக்குப் போயி மீனும் உருளைக்கெழங்கு வறுவலும் சாப்பிட்டுட்டு வரட்டும், மே மாசமா இருந்தாலும் ஸ்வெட்டர் கண்டிப்பா எடுத்துக்கச் சொல்லுங்க அம்மிணி, அங்க கடக்காத்து நம்ம கொல்லிமலைக் குளுரு மாதிரி இல்ல, எலும்புல போயி உக்காந்துக்கும்.